பெடல் மாட்ட எந்த ஸ்பேனர்? கழற்றப்போகும் நாளை நினைத்து ஒரு ஒப்பீடு

பெட்டியில் வந்த சைக்கிளை வீட்டிலேயே பூட்டுகிறவர்களுக்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது இரண்டு பெடல்கள். ஹேண்டில்பாரை நேராக்கி இறுக்கியாகிவிட்டது, முன்சக்கரம் ஏறிவிட்டது, சீட் உயரமும் வைத்தாகிவிட்டது. பெடல் மட்டும் பாக்கி. பார்த்தால் இருக்கிற வேலையிலேயே எளிய வேலை அதுதான்: ஒரு துளை, அதில் ஏறும் ஒரு திருகு. அந்த எளிமையை நம்பி அவசரப்படுவதால்தான் பல நல்ல கிராங்குகளின் (பெடலைத் தாங்கிச் சுழலும் கைகளின்) மரை முதல் நாளே போய்விடுகிறது.

பெடல் மாட்ட ஐந்தாறு வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் 15 மி.மீ. ஸ்பேனர், இதற்கென்றே செய்த பெடல் ஸ்பேனர், ஆலன் கீ (அறுகோணக் குழியில் நுழையும் வளைந்த கம்பிச் சாவி), வாயை அகட்டிச் சுருக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், எதுவுமே வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது. மாட்டுகிற அன்றைக்கு இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. எதைக் கொண்டு மாட்டினாலும் பெடல் ஏறிவிடும், சைக்கிள் ஓடும். வித்தியாசம் தெரிவது ஒன்றிரண்டு வருடம் கழித்து, பேரிங் தேய்ந்தோ, சைக்கிளைப் பெட்டியில் அடைக்கவோ, வேறு வகைப் பெடல் போடவோ அதைக் கழற்ற உட்காரும் நாளில்தான். அதனால் இந்த ஒப்பீட்டை அந்த நாளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கைமாறி வந்த ஒரு பழைய சைக்கிள். யாரோ பெடலைக் கிரீஸ் இல்லாமல் வறட்டு மரையில் ஏற்றியிருந்தார்கள். அலுமினியக் கிராங்க், எஃகு ஆக்ஸில் (கிராங்கில் ஏறும் பெடலின் அச்சு), இடையில் சில வருட ஈரம். என்னிடம் இருந்தது கைக்கடக்கமான 6 மி.மீ. ஆலன் கீ. முதல் முயற்சியில் அசையவில்லை. இரண்டாவது முயற்சியில் கீ வழுக்கியது. மூன்றாவதில் ஆக்ஸில் முனையில் இருந்த அறுகோணக் குழி வட்டக் குழியாகிவிட்டது. அந்தப் பெடலில் ஸ்பேனர் வைக்கத் தட்டையான பக்கங்களும் கிடையாது. கடைசியில் கிராங்கோடு சேர்த்துக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அரை மணி நேர வேலை இரண்டு வாரம் இழுத்தது. அன்றிலிருந்து பெடல் மாட்டும்போதெல்லாம், இதை ஒருநாள் கழற்றப் போகிறவர் எப்படிக் கழற்றுவார் என்று யோசித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அது பெரும்பாலும் நானாகவே இருக்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் மரை

கருவிக்குப் போகும் முன் மரையைப் பற்றித் தெளிவாகிவிட வேண்டும். இன்றைக்கு வரும் பெரும்பாலான சைக்கிள்களின் பெடல் மரை 9/16 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 14.3 மி.மீ. குறுக்களவு. ஓர் அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்குப் பெடல் 1.27 மி.மீ. உள்ளே போகும். இரண்டு கிராங்க் கைகளும் அச்சும் ஒரே வளைந்த எஃகுத் துண்டாக இருக்கும் பழைய பாணிக் கிராங்குகளிலும், பல சிறுவர் சைக்கிள்களிலும் 1/2 அங்குல மரை வரும். அது 12.7 மி.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெரிய பெடல் சிறிய துளையில் நுழையவே நுழையாது. சிறிய பெடலோ பெரிய துளையில் மரை பிடிக்காமல் லொடலொடவென்று ஆடும். புதுப் பெடல் வாங்கும் முன் பழையதைக் கழற்றி அளந்துவிடுவது நல்லது. எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத தப்பு இது ஒன்றுதான்.

அடுத்தது இடம், வலம். வலது பெடலில் எல்லாத் திருகுகளையும் போல வலமரை. கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகும். இடது பெடலில் இடமரை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். பெடலின் ஆக்ஸிலில் ஆங்கில எழுத்து எல் இருந்தால் இடது, ஆர் இருந்தால் வலது. எழுத்து அழிந்துபோயிருந்தால் ஆக்ஸில் மேலே பார்க்கும்படி பெடலைச் செங்குத்தாகப் பிடித்து மரையின் சாய்வைப் பாருங்கள். கோடுகள் வலப்பக்கம் போகப்போக உயர்ந்தால் அது வலது பெடல். இடப்பக்கம் உயர்ந்தால் இடது. இந்த இடம் வலம் என்பது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் இடம் வலம். செயின் இருப்பது வலப்பக்கம்.

ஏன் இப்படி இரண்டு விதம் என்று கேட்டால், அதன் காரணம் அழகானது. அகலமான ஒரு டப்பாவின் உள்சுவரை ஒட்டி ஒரு சிறிய மூடியை உருட்டிப் பாருங்கள். மூடி டப்பாவை வலமாகச் சுற்றிவந்தால், தன்னளவில் அது இடமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். கிராங்கின் துளைக்குள் இருக்கும் ஆக்ஸிலுக்கும் மிக நுண்ணிய அளவில் இதுவே நடக்கிறது. கால் எப்போதும் கீழ்நோக்கித்தான் மிதிக்கிறது. ஆனால் கிராங்க் சுழல்வதால், துளையின் சுவரில் அழுத்தம் விழும் இடம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக்ஸில் அதற்கு எதிர்த்திசையில் துளித்துளியாகத் திரும்பப் பார்க்கும். வலப்பக்கத்தில் அந்தத் திருப்பம் வலமரையை இறுக்கும் திசையில் விழுகிறது. இடப்பக்கத்திலும் வலமரையே இருந்தால் அதே திருப்பம் பெடலைக் கழற்றிவிடும். அதனால்தான் அங்கே இடமரை. விமானத்துக்கு முன் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களின் சைக்கிள்களிலும் இடப்பக்கப் பெடலுக்கு இடமரைதான்.

பேரிங்கின் உராய்வு இதற்கு நேர் எதிராக, பெடலைத் தளர்த்தும் திசையில் இழுக்கும் என்று சிலருக்குச் சந்தேகம் வரும். உண்மைதான், இழுக்கும். ஆனால் நல்ல பேரிங்கில் அந்த இழுப்பு மிகச் சிறியது, மேலே சொன்ன திருப்பம் அதை வென்றுவிடும். பேரிங் முற்றிலும் இறுகி நின்றுவிட்டால்தான் கணக்கு மாறும்.

கையில் இருக்கும் ஸ்பேனர் போதுமா?

இனி கருவிகள். பெடலின் ஆக்ஸிலில் தட்டையான பக்கங்கள் இருந்தால் அவற்றின் அளவு அநேகமாக 15 மி.மீ. பொதுவான ஸ்பேனர் செட்டில் இந்த அளவு இருக்கும். ஆனால் பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒடுக்கம். சாதாரண ஸ்பேனரின் தலை தடிமன். சில பெடல்களில் அது முழுதாக உள்ளே போகாது. பாதி மட்டும் கவ்வி நிற்கும். பாதிக் கவ்வலில் பலம் கொடுத்தால் ஸ்பேனர் நழுவும், விரல் மூட்டு போய் செயின் பல்லில் மோதும். உங்கள் பெடலில் அது முழுதாகக் கவ்வுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கவ்வினால் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதற்காக வேறு ஒன்று வாங்க வேண்டியதில்லை. எனக்கு அதில் இருக்கும் ஒரே குறை கைப்பிடியின் நீளம்.

நீளம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பெடலை இறுக்கப் பல தயாரிப்பாளர்கள் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தின் அலகு) வரை கேட்கிறார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் தன் பல பெடல்களுக்கு 35 முதல் 55 வரை என்று சொல்கிறது. 40 என்றே வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் அதைக் கொடுக்க 13, 14 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் போதும். 20 செ.மீ. என்றால் 20 கிலோ. 10 செ.மீ. நீளமுள்ள சின்ன ஆலன் கீ என்றால் 40 கிலோ. ஒரு மெல்லிய கம்பியின் முனையில் 40 கிலோ அழுத்தத்தை விரல்களால் கொடுக்க யாராலும் முடியாது. ஆக, குட்டைக் கருவியால் மாட்டினால் பெடல் தேவையான அளவு இறுகியிருக்காது. குட்டைக் கருவியால் கழற்றப் பார்த்தால் அசையவே அசையாது. நாள்பட்ட பெடலைக் கழற்ற, மாட்டியபோது கொடுத்ததைவிடக் கூடுதல் பலம் தேவைப்படுவது வழக்கம்.

பெடல் ஸ்பேனர் இந்த இரண்டு குறைகளையும் குறிவைத்துச் செய்தது. தலை மெலிது, கைப்பிடி நீளம், அநேகமாக 30 செ.மீ. அல்லது அதற்கு மேல். நல்லவற்றில் தலை இரண்டு கோணங்களில் வெட்டப்பட்டிருக்கும். அதனால் கிராங்க் எந்த நிலையில் நின்றாலும் கைப்பிடியை வாகான கோணத்தில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் இது ஒரே ஒரு வேலைக்கான கருவி. வருடத்துக்கு இரண்டு முறைகூட வெளியே எடுக்க மாட்டோம். ஒரே சைக்கிள், அதிலும் பெடலை மாற்றும் எண்ணமே இல்லை என்பவருக்கு இதை நான் வற்புறுத்த மாட்டேன். வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் இருந்தால், அல்லது பயணத்துக்காக அடிக்கடி பெடலைக் கழற்றி மாட்டுபவர் என்றால், முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். அதிலும் நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டைப் பெடல் ஸ்பேனரால் உங்களுக்குப் பாதிப் பயன்தான்.

மெலிதாக இருக்கிறதே என்று சக்கரத்தின் கோனைச் சரிசெய்யும் 15 மி.மீ. கோன் ஸ்பேனரை இதற்கு எடுக்காதீர்கள். அது தகடு போன்றது. இந்தப் பலத்துக்குச் செய்யப்பட்டதல்ல. வளைந்துவிடும், பெடலின் பக்கங்களையும் கடித்துவிடும்.

ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் தாடை தடிமன், பிடி தளர்ந்துகொண்டே இருக்கும், தட்டையான பக்கத்தின் மூலைகளை உருட்டிவிடும். வழியில் மாட்டிக்கொண்டால் வேறு வழியில்லாமல் பயன்படுத்தலாம். வீட்டில் நிதானமாக வேலை செய்யும்போது வேண்டாம்.

ஆலன் கீயா, ஸ்பேனரா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். ஆக்ஸிலின் உள்முனையில், அதாவது கிராங்கின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியும் முனையில், பல பெடல்களில் ஆலன் குழி இருக்கும். அளவு 6 மி.மீ. அல்லது 8 மி.மீ. சில பெடல்களில் ஆலன் குழி, தட்டையான பக்கம் இரண்டும் உண்டு. சிலவற்றில் ஆலன் மட்டும். பழைய அல்லது எளிய பெடல்களில் தட்டையான பக்கம் மட்டும்.

ஆலனுக்குச் சில நன்மைகள் இருக்கின்றன. அகலமான மிதி உள்ள பெடல்களில் ஸ்பேனர் நுழைக்க இடமே இருக்காது, ஆலனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெடலின் பளபளப்பில் கீறல் விழாது. வேறு வேலைகளுக்கும் அதே கீ உதவும். பயணத்தில் எடுத்துச் செல்ல எளிது. 8 மி.மீ. குழியாக இருந்து, கையில் நீண்ட கையுள்ள 8 மி.மீ. கீயும் இருந்தால், பெடல் ஸ்பேனர் இல்லாமலேயே காலம் தள்ளலாம்.

6 மி.மீ. என்றால் எனக்குத் தயக்கம். 40 நியூட்டன் மீட்டரில் மாட்டுவதை அது தாங்கும். ஆனால் கழற்றும் நாளில், பெடல் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தால், அதைவிடக் கூடுதல் பலத்தை அந்தச் சிறிய அறுகோணத்தின் மூலைகள் தாங்க வேண்டியிருக்கும். குழியில் மண் அடைந்து கீ முழு ஆழம் இறங்காமல் இருந்தால் மூலைகள் உருண்டு போவது உறுதி. என் பழைய சைக்கிளில் நடந்தது அதுதான். அதனால் தட்டையான பக்கமும் 6 மி.மீ. குழியும் இரண்டும் இருக்கும் பெடலில், மாட்டும்போது எதை வேண்டுமானாலும் எடுங்கள். கழற்றும்போது ஸ்பேனரை எடுங்கள். புதுப் பெடல் வாங்கும் கட்டத்தில் இருப்பவர்கள், மற்ற எல்லாம் சமமாக இருந்தால், இரண்டு வழியும் உள்ள பெடலையே தேர்ந்தெடுங்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்கும்.

ஆலனில் இன்னொரு சிக்கல் திசை. கிராங்கின் பின்பக்கம் இருந்து பார்த்துத் திருப்புவதால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வலது பெடலை இறுக்க, பின்பக்கம் இருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இடது பெடலை இறுக்கக் கடிகார முள் திசையில். கடிகாரத்தை நம்பிப் பெடல் மாட்டினால் குழப்பம் தீராது. நான் பின்பற்றும் விதி வேறு. சைக்கிள் தரையில் நேராக நிற்கட்டும். கருவியின் கைப்பிடி மேல்நோக்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும். இடதோ வலதோ, ஸ்பேனரோ ஆலனோ, விதி ஒன்றுதான்.

ஆனால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால் இந்த விதி அப்படியே திரும்பிவிடும். பெடல் கழலவில்லை என்று பலத்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பவர்களில் பலர், கவிழ்த்து வைத்த சைக்கிளில் அதை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். நேராக நிறுத்தியே வேலை செய்யுங்கள்.

டார்க் ரெஞ்ச் தேவைதானா?

எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை எண்ணில் காட்டும் கருவி டார்க் ரெஞ்ச். கார்பன் கிராங்க் வைத்திருப்பவர் இதைப் பயன்படுத்த வேண்டும் என்றே சொல்வேன். அந்தக் கிராங்குகளில் மரை, கார்பனுக்குள் பதித்த உலோகத் துண்டில் இருக்கும். அங்கே அளவு மீறி இறுக்கினால் இழப்பு பெரிது. சில கிராங்குகளோடு மெல்லிய வாஷர் ஒன்று வரும். தயாரிப்பாளர் போடச் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

அலுமினியம் அல்லது எஃகுக் கிராங்குக்கு, நீண்ட கைப்பிடி ஸ்பேனரும் கொஞ்சம் கவனமும் இருந்தால் டார்க் ரெஞ்ச் இல்லாமலே சரியாக மாட்டலாம். பெடல், ஹேண்டில்பார் போல நுணுக்கமான இறுக்கம் கேட்கும் பாகம் அல்ல. அதற்கான எல்லை அகலமானது. ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் பலத்தைவிடச் சற்று அதிகமாக, 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் கொடுத்தால் எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். அதன்மேல் ஏறி நிற்பதோ, குழாயை மாட்டி நீட்டுவதோ மாட்டும் வேலைக்குத் தேவையே இல்லை.

டார்க் ரெஞ்ச் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'டக்' என்று சத்தமிட்டு நிற்கும் வகையில் பல ரெஞ்சுகள் கடிகார முள் திசையில் மட்டுமே அளக்கும். பெடல் வேலையில் ஒரு பக்கம் எதிர்த்திசை கட்டாயம் வரும். வெளிப்பக்கம் இருந்து ஸ்பேனர் தலையால் இறுக்கினால் இடது பெடலுக்கு எதிர்த்திசை. பின்பக்கம் இருந்து ஆலனால் இறுக்கினால் வலது பெடலுக்கு எதிர்த்திசை. இரு திசையிலும் அளக்கும் ரெஞ்சாகப் பார்த்து வாங்காவிட்டால், இரண்டு பெடலில் ஒன்றை மட்டும்தான் அளந்து இறுக்க முடியும்.

மரைக்கு என்ன பூசலாம்?

எந்தக் கருவி என்று கேட்பவர்கள் நூறு பேர் என்றால், மரையில் என்ன பூசுவது என்று கேட்பவர் ஒருவர் இருப்பாரா தெரியாது. ஆனால் கழற்றும் நாளின் தலையெழுத்தை ஸ்பேனரைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

வறண்ட மரை கூடவே கூடாது. எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்க, இடையில் மழைநீரோ உப்புக் கலந்த வியர்வையோ புகுந்தால், மின்கலத்தில் நடப்பது போன்ற ஒரு வினை நடந்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்பின் வெள்ளைப் பொடி மரையின் இடுக்கை அடைத்து இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பிறகு எவ்வளவு நீள ஸ்பேனர் இருந்தும் போராட்டம்தான். வறண்ட மரை மிதிக்கும்போது 'கிரிச், கிரிச்' என்று சத்தமும் போடும். பலர் அதைப் பேரிங்கின் குற்றம் என்று நினைத்து அங்கே தேடுவார்கள்.

சாதாரண கிரீஸ் போதும். பேரிங்குக்குப் போடும் எந்த நல்ல கிரீஸும் சரி. ஆக்ஸில் மரை முழுக்க மெல்லிய படலமாகப் பூசுங்கள். கிராங்கின் துளையையும் முதலில் ஒரு துணியால் துடைத்து, உலோகத் துகளோ மண்ணோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரை பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதற்கென்றே உலோகத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் பசை ஒன்று உண்டு. கடற்கரைக் காற்றில் ஓடும் சைக்கிளுக்கும், டைட்டானியம் ஆக்ஸில் உள்ள பெடலுக்கும் அது கிரீஸைவிட மேல். மற்றபடி கிரீஸுக்கும் அதற்கும் வீட்டளவில் பெரிய வேறுபாடு இல்லை. கையில் இருப்பதைப் போடுங்கள். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளாக நாளாக அது பிசின் போலக் கெட்டியாகிவிடும்.

மரையை ஒட்டவைக்கும் திரவத்தைப் போட்டால் பெடல் கழலாதே என்று ஒரு யோசனை வரலாம். தேவையில்லை. சரியாக இறுக்கிய பெடல், மேலே சொன்ன காரணத்தால், ஓட ஓடத் தானாகவே பிடிப்பில் நிற்கும். கிரீஸ் போட்டால் கழன்றுவிடுமோ என்ற பயமும் அதே காரணத்தால் வேண்டாம்.

விரலா, கருவியா?

இதை ஒரு தேர்வாகவே யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். முதல் சில சுற்றுகளை எதைக் கொண்டு ஏற்றுகிறீர்கள் என்பதுதான் மரை பிழைக்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பெடலின் ஆக்ஸில் எஃகு. கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். மரை கோணலாகக் கவ்வினால் எஃகு ஜெயிக்கும், அலுமினியம் சீவிக்கொண்டு போகும். நீண்ட ஸ்பேனரை முதலிலேயே மாட்டிவிட்டால், கோணலாக ஏறுகிறது என்பது கைக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு நெம்பு பலம் அதில் இருக்கிறது. விரலால் ஏற்றினால் உடனே தெரியும். அதனால் தொடக்கத்தில் ஸ்பேனரைத் தள்ளியே வையுங்கள். ஆக்ஸிலைத் துளையின் வாயில் நேராக வைத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று மிக லேசாக விழுந்தது போலத் தெரியும். அதுதான் இரு மரைகளும் வாய் சேர்ந்த இடம். அங்கிருந்து இறுக்கும் திசைக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று சுற்று வெண்ணெயில் கத்தி போல எளிதாகப் போக வேண்டும். தடை தெரிந்தால் நிறுத்தி, முழுதாக வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, இடமா வலமா என்று எழுத்தை இன்னொரு முறை பார்த்து, மறுபடி தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்றில் வரும் தடையைப் பலத்தால் ஒருபோதும் வெல்லப் பார்க்காதீர்கள்.

நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, கையால் ஆக்ஸிலை அசையாமல் பிடித்துக்கொண்டு கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றினால் பெடல் தானாகவே உள்ளே போகும். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும். பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகைச் சைக்கிளில் மட்டும் இது நடக்காது, அங்கே பெடலைத்தான் திருப்ப வேண்டும். ஆக்ஸிலின் தோள்பட்டை கிராங்கின் முகத்தில் சுற்றிலும் சீராக உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் அது கோணல் ஏற்றம்.

கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிடுங்கள், கை நழுவினாலும் பல்லில் படாது. கிராங்க் பின்சக்கரத்தை நோக்கி நிற்கட்டும், ஸ்பேனரின் கைப்பிடி முன்சக்கரத்தை நோக்கி. எதிர்ப்பக்கக் கிராங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். கழற்றும் நாளில் இதற்கு நேர் எதிர்: கிராங்க் முன்னோக்கி, கைப்பிடி பின்னோக்கி, அதே கீழ் அழுத்தம். உடம்பின் எடை தானாகவே வேலை செய்யும், தோளை முறுக்க வேண்டியதில்லை.

வீடா, பட்டறையா?

புதுச் சைக்கிள், சுத்தமான மரை, கையில் நீளமான கருவி, கொஞ்சம் கிரீஸ் என்றால் இதை வீட்டிலேயே செய்யுங்கள். அவசரமில்லாமல் விரலால் ஏற்றுகிற பொறுமை கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் எல்லாருக்கும் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்கு அதை நீங்களே கொடுக்கலாம்.

பிடித்துக்கொண்ட பெடலைக் கழற்றுவது வேறு கதை. அதற்கும் வீட்டில் சில முயற்சிகள் செய்யலாம். கிராங்கின் பின்பக்கத் துளையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். அப்புறம் கிராங்கின் முனையில் கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்றுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அந்தச் சிறு தளர்வில் பெடல் விட்டுக்கொடுப்பதுண்டு. கார்பன் கிராங்கில் இந்தச் சூட்டு வைத்தியம் வேண்டாம். ஸ்பேனரோடு இரும்புக் குழாயைச் சேர்த்து நீட்டுவதும் கழற்றும்போது மட்டும் ஏற்றுக்கொள்ளக்கூடியது, அதுவும் தலை முழுதாகக் கவ்வியிருந்தால். இவற்றுக்கும் அசையாவிட்டால் பட்டறைக்குப் போய்விடுங்கள். அறுகோணக் குழியை உருட்டிவிட்ட பிறகு போவதைவிட, உருளும் முன் போவது மெக்கானிக்குக்கும் எளிது.

மரை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் முதலில் எவ்வளவு என்று பாருங்கள். வெளிவாயில் ஒன்றிரண்டு சுற்று மட்டும் நசுங்கியிருந்தால், அதே பக்கத்து எஃகுப் பெடல் ஒன்றைக் கிராங்கின் பின்பக்கம் இருந்து கிரீஸோடு விரலால் ஏற்றிப் பார்க்கலாம். அந்தப் பக்கத்து மரை கெடாமல் இருக்கும், அது வழிகாட்டி நசுங்கிய சுற்றுகளை ஓரளவு நிமிர்த்திவிடும். அதற்கும் மேல் என்றால் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சீர்செய்வதோ, துளையைப் பெரிதாக்கிப் புது மரைச்சுருள் பதிப்பதோ பட்டறை வேலை. இடது கிராங்குக்கு இடமரை டேப் வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். விலை குறைந்த கிராங்காக இருந்தால் மரைச்சுருளுக்கு அலைவதைவிட அந்த ஒரு கிராங்க் கையை மட்டும் மாற்றுவது பல நேரம் நிம்மதி.

எப்படி மாட்டியிருந்தாலும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு, வீடு திரும்பியதும், இரண்டு பெடலிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். தளர்ந்த பெடலோடு ஓட்டுவதுதான் மரையை மிக வேகமாகத் தின்னும். மிதிக்கும்போது கால் லேசாக ஆடுவது போலத் தோன்றினால் வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அங்கேயே இறங்கிக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, சைக்கிளைக் கழுவித் துடைக்கும் நாளில், இரண்டு பெடலையும் முழுதாகக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசி, திரும்ப மாட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஸ்பேனரைப் பின்சக்கரம் பக்கம் அழுத்தியதும் பெடல் ஒரே ஒரு 'டக்'கோடு இளகிவந்தால், போன வருடம் நீங்கள் செய்த வேலை சரி.